வட்டில் பதிந்த கச்சேரி: மேலைச் செவ்வியல், ஜாஸ் இசைக் காணொளிகளை ஆய்வுச் சான்றாகக் கொள்ளுதல்

ஆய்வுச் சுருக்கம்

மேலைச் செவ்வியல் இசை, ஜாஸ் இசை ஆகியவற்றின் கச்சேரிப் படங்களும் ஆவணப்படங்களும் ஒளிநாடா, லேசர் டிஸ்க், டிவிடி, ப்ளூரே ஆகிய வடிவங்களில் வீடுகளுக்கு வந்தபின், நிகழ்த்துகலை ஆய்வில் அவை முதன்மைச் சான்றுகளாக எடுத்தாளப்படுகின்றன. இவ்வட்டுகளை நிகழ்ச்சியின் நேரடிப் பதிவுகளாகக் கொள்ளாமல் பதிப்பிக்கப்பட்ட பனுவல்களாகக் கொள்ள வேண்டும் என்பதை இக்கட்டுரை சில குறிப்பிட்ட படங்களைக் கொண்டு விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இசைக் காணொளி, ஜாஸ், நிகழ்த்துதல், பாடபேதம், படத்தொகுப்பு, சுருதி, ஆவணப்படம்

முன்னுரை

1957 டிசம்பர் 8 ஆம் நாள் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி 'தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்' என்னும் நிகழ்ச்சியை நேரலையாக ஒளிபரப்பியது. அதில் பில்லி ஹாலிடே 'ஃபைன் அண்ட் மெல்லோ' என்னும் ப்ளூஸ் பாடலைப் பாடினார். கோல்மன் ஹாக்கின்ஸ், பென் வெப்ஸ்டர், லெஸ்டர் யங் முதலிய கலைஞர்கள் பாடலின் இடையிடையே தனிவாசிப்பு நிகழ்த்தினர். யங் வாசித்தது ஒரே ஒரு சுற்று. அவ்வளவும் மிகச் சிக்கனமான சுரங்கள். அவர் வாசிக்கையில் கேமரா ஹாலிடேயின் முகத்துக்குச் செல்கிறது. அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இருவரும் 1959 இல் நான்கு மாத இடைவெளியில் மறைந்தனர். ஜாஸ் வரலாற்றை எழுதுவோர் அந்தச் சில விநாடிகளைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவதற்கு இம்மரணங்களும் ஒரு காரணம்.

இதே பெயரில் கொலம்பியா நிறுவனம் ஓர் இசைத்தட்டையும் வெளியிட்டது. அது ஒளிபரப்பின் ஒலி அன்று. நான்கு நாள் முன்னதாக, டிசம்பர் 4 அன்று, ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுக்கப்பட்டது. பாடல் அதுவே, தனிவாசிப்புகள் வேறு. தட்டைக் கேட்டுவிட்டுப் படத்தைப் பற்றி எழுதுவதும், படத்தைப் பார்த்துவிட்டுத் தட்டின் விவரங்களை மேற்கோள் காட்டுவதும் எளிதில் நேரக்கூடிய பிழைகள். ஒளிபரப்பு இன்று கிடைப்பதும் கினிஸ்கோப் என்னும் முறையால்தான். தொலைக்காட்சித் திரையில் தெரியும் படத்தையே திரைப்படச் சுருளில் பிடித்துவைக்கும் முறை அது. ஆகவே வட்டில் காணப்படுவது நிகழ்ச்சியின் படத்துக்கு எடுத்த படத்தின் படியாகும்.

ஏட்டுச் சுவடியிலிருந்து அச்சுப் பதிப்பு உருவான வரலாற்றை அறிந்த தமிழ் ஆய்வாளருக்கு இச்சிக்கல் புதிதன்று. எந்தப் படி, யார் பெயர்த்தது, எங்கே சிதைவு, எவ்விடத்தில் பதிப்பாசிரியர் கைவைத்தார் என்று சுவடியை நோக்கிக் கேட்கும் வினாக்களை இசைக் காணொளியை நோக்கியும் கேட்க வேண்டியுள்ளது. ஆயினும் கண்ணெதிரே விரல் அசைவதும் காதில் ஒலி விழுவதும் ஐயத்தை எழவிடுவதில்லை. அச்சிட்ட நூலைக் காட்டிலும் காணொளி ஆய்வாளரை எளிதில் நம்பவைத்துவிடுகிறது.

ஒலி முன்னே, படம் பின்னே

தமிழ்த் திரைப்படப் பாடற்காட்சி எடுக்கப்படும் முறை அனைவரும் அறிந்தது. பாடல் முன்னரே பதிவாகிவிடும். படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு நடிகர் வாயசைப்பார். கச்சேரிப் படங்களிற் பலவும் இம்முறையில் எடுக்கப்பட்டவையே என்பது பரவலாக உணரப்படவில்லை.

ஜாஸில் இதன் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, 1944 இல் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்காக ஒளிப்படக் கலைஞர் ஜோன் மிலி இயக்கிய 'ஜாமின் தி ப்ளூஸ்' என்னும் பத்து நிமிடக் குறும்படம். நார்மன் கிரான்ஸ் இசைக்கலைஞர்களைத் திரட்டினார். தொடக்கத்தில் ஒரு வட்டமும் புகையும் தெரிகின்றன. பின்னர் அது லெஸ்டர் யங்கின் தொப்பி எனப் புலனாகிறது. நள்ளிரவில் தற்செயலாகக் கூடிய கலைஞர்கள் மனம்போன போக்கில் வாசிப்பதாகப் படம் தோற்றமளிக்கிறது. உண்மையில் ஒலி முதலில் பதிவாயிற்று. பின்னர்க் கலைஞர்கள் அதற்கேற்ப வாசிப்பதுபோல் நடித்தனர். மனோதர்மமாக ஒருமுறை பிறந்த வாசிப்பைத் தாமே மறுபடி போலச்செய்ய வேண்டிய நிலை அவர்களுக்கு ஏற்பட்டது. எனவே இப்படத்தை வைத்து யங்கின் விரலமைப்பை ஆராய்வது பிழையான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும். சாக்ஸஃபோனை அவர் சாய்த்துப் பிடிக்கும் பாங்கு, முகபாவம், நிற்கும் நிலை ஆகியவற்றை ஆராயலாம். அவையும் கேமராவுக்காகச் சற்றே கூட்டிக் காட்டப்பட்டவையாக இருக்கக்கூடும். குழுவில் வெள்ளையர் ஒருவரே: கிட்டார் கலைஞர் பார்னி கெஸல். கறுப்பினத்தாரும் வெள்ளையரும் ஒருங்கே வாசிப்பதைத் திரையில் காட்டத் தயங்கிய காலம் அது. ஆகவே அவர் நிழலில் நிறுத்தப்பட்டார். படத்தின் அழகியலாக இன்று பாராட்டப்படும் இருளும் நிழலும் ஓரளவு இனஒதுக்கலின் விளைவு என்பதை இங்கே மறக்கலாகாது.

செவ்வியல் இசையில் இம்முறையைப் பெருமளவில் கையாண்டவர் இசைநடத்துநர் ஹெர்பர்ட் ஃபான் காராயன். 1960களின் நடுவில் பிரெஞ்சு இயக்குநர் ஆன்ரி-ஜார்ஜ் க்ளூசோவுடன் இணைந்து சில படங்களை எடுத்த அவர், பின்னர் பெர்லின் ஃபில்ஹார்மானிக் குழுவைக் கொண்டு பீத்தோவன் சிம்பனிகளைப் படமாக்கினார். அவற்றுள் ஹூகோ நீபெலிங் 1967 இல் இயக்கிய ஆறாம் சிம்பனி, அதாவது 'பாஸ்டரல்', துணிவான சோதனை. புல்லாங்குழல்கள் ஒரே வரிசையில் ஒளிர்கின்றன. வயலின் வில்கள் இயந்திர உறுப்புகள்போல் ஒருசேர எழுந்து விழுகின்றன. கலைஞர் பலர் முகமின்றிக் கருவிகளாகவே தெரிகின்றனர். எந்த அரங்கிலும் எந்தப் பார்வையாளரும் இவ்வாறு கண்டிருக்க இயலாது. முன்பதிவான ஒலிக்குப் படம்பிடித்ததாலேயே இத்தகைய கோணங்கள் கைகூடின.

1982 இல் காராயன் டெலிமோண்டியல் என்னும் நிறுவனத்தை நிறுவி, தம் இசைத்தொகுதியை எதிர்கால வீடுகளுக்கான காணொளியாக விட்டுச்செல்லும் பணியில் இறங்கினார். படத்தொகுப்பையும் அவரே மேற்பார்த்தார். அப்படங்களில் இசைநடத்துநரின் முகமும் கைகளுமே நடுவம். இசைக்குழு அவற்றுக்குப் பின்புலம். 1989 ஜூலை 16 அன்று ஆனிஃப் ஊரில் தம் இல்லத்தில் அவர் உயிர் பிரிந்தபோது உடனிருந்தவர் சோனி நிறுவனத் தலைவர் நோரியோ ஓகா. வீட்டுக் காணொளிச் சந்தைக்கும் செவ்வியல் இசைக்கும் அக்காலத்தில் இருந்த நெருக்கத்துக்கு வேறு சான்று தேவையில்லை. சிலர் இப்படங்களைத் தற்புகழ்ச்சி என ஒதுக்குவர். அது முழுமையான மதிப்பீடாகாது. தம் இசை எவ்வாறு கேட்கப்பட வேண்டும் என்று காராயன் கருதினாரோ அதற்கு இவை மிக நம்பகமான ஆவணங்கள். ஒரு குறிப்பிட்ட மாலையில் என்ன நிகழ்ந்தது என்பதற்கு இவை சான்றாகா.

இதற்கு மாறாக, லியனார்ட் பெர்ன்ஸ்டைன் 1970களில் மாலர் சிம்பனிகளைப் பெரும்பாலும் வியன்னா ஃபில்ஹார்மானிக் குழுவுடன், பார்வையாளர் முன்னிலையில், ஹம்ஃப்ரி பர்ட்டனின் இயக்கத்தில் படமாக்கினார். இரண்டாம் சிம்பனி மட்டும் 1973 இல் இங்கிலாந்தின் ஈலி பேராலயத்தில் லண்டன் சிம்பனி குழுவுடன் எடுக்கப்பட்டது. வியர்வையும் மூச்சுத்திணறலும் இங்கே உண்மை. எனினும் 'நேரடி' என்று அட்டையில் அச்சிட்ட வட்டும் இரண்டு மூன்று நாள் கச்சேரிகளைத் தைத்து, பிழைபட்ட இடங்களைப் பார்வையாளரற்ற அரங்கில் மீண்டும் வாசித்து ஒட்டியதாக இருப்பது இத்துறையில் இயல்பு. இதை மறைக்காமல் கொள்கையாகவே கொண்டவர் பியானோ கலைஞர் கிளென் கூல்ட். 1964 இல் மேடையைத் துறந்த அவர், 1981 இல் புரூனோ மோன்சேன்ஜோன் எடுத்த 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்' படத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தையே அரங்காக்கினார். வெட்டி ஒட்டுவதும் அவருக்கு வாசிப்பின் ஒரு பகுதி.

கேமரா கேட்பதும் கேளாததும்

1958 ஆம் ஆண்டு நியூபோர்ட் ஜாஸ் விழாவைப் பெர்ட் ஸ்டெர்ன் படமாக்கிய 'ஜாஸ் ஆன் எ சம்மர்ஸ் டே' இவ்வகைப் படங்களிலேயே மிகுதியாகப் பாராட்டப்பட்டது. நீரில் நெளியும் நிழல்கள், அனிடா ஓடேயின் தொப்பி, இறுதியில் மஹாலியா ஜாக்சனின் வழிபாட்டுப் பாடல் என்று வண்ணமயமாக நகரும் படம். ஆயினும் அவ்விழாவில் வாசித்த மைல்ஸ் டேவிஸும் டியூக் எலிங்டனும் இதில் இல்லை. படத்தை மட்டும் கண்டு 1958 நியூபோர்ட் விழாவை மதிப்பிடுபவர், அக்கோடையின் முதன்மையான இரு குழுக்களைக் காணாமலே மதிப்பிடுகிறார்.

தெலோனியஸ் மங்க் 'ப்ளூ மங்க்' வாசிக்கும் பகுதி இன்னும் கவனத்துக்குரியது. மங்க்கின் பியானோ ஒலித்துக்கொண்டிருக்கையில் காட்சி கடலுக்குச் சென்றுவிடுகிறது; பாய்மரப் படகுகள் தோன்றுகின்றன; படகுப் போட்டி பற்றிய குரல் இசைமீது படிகிறது. இயக்குநருக்குக் கடற்காற்றும் கோடையும் முதன்மை. மங்க்கின் விரல்கள் இரண்டாவது. அதுபோலவே, ஒரு தனிவாசிப்பின் நடுவே காட்டப்படும் பார்வையாளர் அந்த வாசிப்பைக் கேட்டுத்தான் புன்னகைத்தார் என்பதற்குப் படத்தினுள் எந்த உறுதியும் இல்லை. கேட்போரின் எதிர்வினையை ஆராய இப்படத்தைப் பயன்படுத்துவோர் இங்கே நின்று நிதானிக்க வேண்டும்.

கேமராவின் தெரிவு எப்போதும் இழப்பன்று. இசைநடத்துநர் கார்லோஸ் க்ளைபர் வெளியிட்ட இசைத்தட்டுகள் மிகச் சில. 1983 இல் ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபாவ் குழுவுடன் அவர் நடத்திய பீத்தோவனின் நான்காம், ஏழாம் சிம்பனிகளைப் பர்ட்டன் படமாக்கினார். சில இடங்களில் க்ளைபர் தாளங்காட்டுவதையே விட்டுவிட்டுக் கைகளைத் தாழ்த்திக் கேட்டு நிற்பதை அப்படத்திலன்றி வேறெங்கும் அறிய வழியில்லை. ஒலித்தட்டில் அது வெறும் சீரான ஓட்டமாகவே கேட்கும்.

சுருதியும் வேகமும்

வட்டின் தொழில்நுட்பம் இசையையே மாற்றிவிடும் இடமொன்று உண்டு. திரைப்படச் சுருள் விநாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுவது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் வழங்கிய பால் தொலைக்காட்சி முறை விநாடிக்கு 25 படச்சட்டங்கள் கொண்டது. இரண்டையும் பொருத்த எளிய வழியாக, 24 சட்டப் படத்தை 25 சட்ட வேகத்தில் ஓட்டிவிடுவர். வேகம் சற்றேறக்குறைய 4 விழுக்காடு கூடுகிறது. கதைப்படத்தில் இதை எவரும் உணரார். இசைப்படத்தில், ஒலியைத் தனியே திருத்தாவிடில், சுருதியும் உடன் ஏறுகிறது: 440 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள சுரம் 458 ஹெர்ட்ஸாகக் கேட்கும். ஏறக்குறைய 70 சென்ட் உயர்வு. நம் கச்சேரி வழக்கில் சொன்னால் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவு. நிமிடத்துக்கு 120 தட்டு என்பது 125 ஆகும். 85 நிமிடப் படம் 81 நிமிடம் 36 விநாடியில் முடிந்துவிடும்.

இதன் விளைவைச் சிறிதென்று தள்ள இயலாது. இசைநடத்துநர்களின் காலப்பிரமாணத்தை ஒப்பிடும் ஆய்வுகளில் 4 விழுக்காட்டு வேறுபாடு ஒரு முடிவையே புரட்டிவிடும். ஒரு குழு உயர்ந்த சுருதிக்கு இசைகூட்டிக்கொண்டது என்று எழுதப்பட்ட கருத்து, வட்டை அச்சிட்ட நாட்டைப் பற்றிய செய்தியாக முடியலாம். எல்லா பால் வட்டுகளும் இவ்வாறு என்பதும் தவறு. ஐரோப்பியத் தொலைக்காட்சிக்காகத் தொடக்கத்திலேயே 25 சட்ட வேகத்தில் எடுத்த படங்களும், மின்னணு ஒளிப்பதிவுகளும் உரிய வேகத்திலேயே ஓடுகின்றன. படம் எந்த வேகத்தில் எடுக்கப்பட்டது என்று அறியாமல் வட்டை மட்டும் அளந்து பயனில்லை.

அமெரிக்க, ஜப்பானிய என்.டி.எஸ்.சி. முறையில் சுருதி நடைமுறையில் மாறுவதில்லை. ஆனால் 24 சட்டங்களை ஏறத்தாழ 30 சட்டங்களாக்கப் பாதிச்சட்டங்கள் மூன்றும் இரண்டுமாக மாறிமாறித் திருப்பிக் காட்டப்படுகின்றன. நடத்துநரின் கோல் எந்தக் கணத்தில் கீழே விழுந்தது என்று சட்டம் சட்டமாக அளப்பவருக்கு இது நொண்டும் கடிகாரம். லேசர் டிஸ்கில் வேறொரு தடை: ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரமே கொள்ளும் என்பதால் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பனி நடுவில் நின்று தட்டு திரும்ப வேண்டியிருந்தது. 1996 இல் டிவிடி வந்தபின் அத்தொல்லை தீர்ந்தது.

ஒரே பயணம், மூன்று பாடங்கள்

2006 முதல் வெளிவந்த 'ஜாஸ் ஐகான்ஸ்' டிவிடி வரிசை, ஐரோப்பியத் தொலைக்காட்சி நிலையங்களின் காப்பறைகளில் கிடந்த 1950கள், 60களின் அமெரிக்கக் கலைஞர்களது பதிவுகளை வெளிக்கொணர்ந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சி ஜாஸுக்கு அரிதாகவே நேரம் ஒதுக்கிய காலத்தில், பெல்ஜியமும் நார்வேயும் ஸ்வீடனும் அதைக் கருத்தோடு படம்பிடித்தன. இருந்தும் ஐரோப்பாவெங்கும் எல்லாமும் காக்கப்பட்டதாகக் கொள்ளக் கூடாது. நாடாவின் விலை கருதிப் பழைய பதிவை அழித்து அதன்மேல் புதியதை ஏற்றும் வழக்கம் பிபிசி உள்ளிட்ட நிலையங்களில் இருந்தது.

அவ்வரிசையில் சார்லஸ் மிங்கஸின் 1964 ஆம் ஆண்டு வட்டு, பாடபேத ஆய்வுக்கென்றே தொகுத்ததுபோல் அமைந்துள்ளது. அவ்வாண்டு ஏப்ரலில் மிங்கஸின் அறுவர் குழு ஐரோப்பாவில் சுற்றியது. எரிக் டால்ஃபி, கிளிஃபர்ட் ஜோர்டன், ஜானி கோல்ஸ், ஜாக்கி பையார்ட், டானி ரிச்மண்ட் ஆகியோர் குழுவினர். நார்வே, ஸ்வீடன், பெல்ஜியம் ஆகிய மூன்று நாடுகளின் பதிவுகள் வட்டில் உள்ளன. 'சோ லாங் எரிக்' என்னும் உருப்படி மூன்றிலும் வருகிறது. ஆனால் மூன்றும் ஒரே தரத்தன அல்ல. நார்வேயில் எடுத்தது கச்சேரி. ஸ்வீடனில் எடுத்தது ஒத்திகை. பெல்ஜியத்தில் எடுத்ததில் எக்காளக் கலைஞர் கோல்ஸ் இல்லை. இடையில் பாரிசில் அவர் நோய்வாய்ப்பட்டார். எனவே பெல்ஜியப் பதிவில் அறுவருக்கென இயற்றிய இசையை ஐவர் வாசிக்கின்றனர். எக்காளத்தின் இடம் பிறரால் நிரப்பப்படுகிறது அல்லது வெறுமையாகவே விடப்படுகிறது. பெல்ஜியப் பதிவை மட்டும் கொண்டு மிங்கஸின் இசையமைப்பை விளக்குவது, ஏடு தொலைந்த சுவடியை முழுநூலாகக் கொண்டு உரையெழுதுவதை ஒக்கும். மூன்றையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால் எது எழுதப்பட்டது, எது கூடி முடிவுசெய்யப்பட்டது, எது அந்தக் கணத்தில் பிறந்தது என்பது படிப்படியாகத் தெளிகிறது. ஒலித்தட்டுகளும் இதற்கு உதவும். எனினும் மிங்கஸ் கண்ணசைவால் தாளத்தை மாற்றச் சொல்வதும், ரிச்மண்ட் அதை உடனே பற்றிக்கொள்வதும் படத்தில் மட்டுமே உண்டு.

அவ்வுருப்படியின் தலைப்பு பிரியாவிடையைக் குறிப்பது. பயணம் முடிந்தபின் டால்ஃபி ஐரோப்பாவிலேயே தங்க எண்ணியிருந்தார். அவர் மிங்கஸின் குழுவை விட்டுப் பிரிவதற்கே அவ்விடை. 1964 ஜூன் 29 அன்று, நீரிழிவின் விளைவாக, பெர்லினில் டால்ஃபி இறந்தார், வயது 36. இன்று இப்படத்தைக் காண்போர் ஒவ்வொரு பார்வையிலும் துயரத்தைப் படித்துவிடுகின்றனர். ஏப்ரல் மாதத்தில் அந்தக் கலைஞர்கள் எவருக்கும் அது தெரியாது. காணொளி தருவது ஏப்ரல். காண்பவர் கொண்டுவருவது ஜூன்.

ஆவணப்படத்தின் அடுக்குகள்

ஆவணப்படம் இத்தகைய பதிவுகளை மீண்டும் வெட்டி, தன் வாதத்துக்கு ஏற்ப அடுக்குவது. கென் பர்ன்ஸின் 'ஜாஸ்' 2001 இல் பத்துப் பகுதிகளாக வெளியாயிற்று. 1961 முதல் அன்றுவரையிலான நாற்பது ஆண்டுகள் முழுவதும் அதன் கடைசிப் பகுதி ஒன்றனுள் அடங்கிவிட்டன. டால்ஃபி, ஆர்னெட் கோல்மன் போன்றோரின் வழிவந்த இசையை வரலாற்றின் பின்னிணைப்பாக்கும் தீர்ப்பு அந்தப் பக்க அளவிலேயே அமைந்துள்ளது. அதை உரைக்க எந்தச் சொல்லும் தேவைப்படவில்லை.

ஷார்லட் ஸ்வெரின் 1988 இல் இயக்கிய 'தெலோனியஸ் மங்க்: ஸ்ட்ரெய்ட், நோ சேசர்' வேறு வகையில் எடுத்துக்காட்டானது. கிறிஸ்டியன், மைக்கேல் பிளாக்வுட் சகோதரர்கள் 1967-68 இல் மேற்கு ஜெர்மன் தொலைக்காட்சிக்காக மங்க்கைப் பின்தொடர்ந்து கருப்பு வெள்ளையில் எடுத்த சுருள்களே இதன் அடித்தளம். மங்க் 1982 இல் மறைந்தபின் எடுத்த நேர்காணல்கள் வண்ணத்தில் இணைக்கப்பட்டன. எந்த அடுக்கு எக்காலத்தது என்பது நிறத்தாலேயே தெரிந்துவிடுகிறது. வானூர்தி நிலையத்தில் மங்க் தனியே சுழன்றுகொண்டிருக்கும் காட்சியைக் கண்டு எள்ளிநகையாடியோரும் உண்டு. பின்வந்த நேர்காணல்களில் அவரது உளநோய் பற்றி மகன் கூறுவதைக் கேட்டபின் அதே காட்சி வேறாகிவிடுகிறது. முன்னதை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டும் துணுக்குகள் ஆவணத்தைத் திரிக்கின்றன.

படத்தொகுப்பே இல்லாத பதிவும் அரிதாகக் கிடைப்பதுண்டு. 1974 முதல் 1976 வரை க்ளைபர் பைராய்த் விழா அரங்கில் வாக்னரின் 'டிரிஸ்டான் உண்ட் இசோல்டே' ஓபராவை நடத்தினார். அவ்வரங்கின் இசைக்குழி மேலே மூடப்பட்டது. பார்வையாளருக்கு நடத்துநர் தெரியமாட்டார். மேடைக்குப் பின்னுள்ளோர் அவர் கையசைவைப் பார்ப்பதற்கென்று குழிக்குள் ஒரு கேமரா பொருத்தப்பட்டிருந்தது. அக்கருப்பு வெள்ளைக் காட்சிகளின் பகுதிகள் அவரைப் பற்றிய ஆவணப்படங்களில் எடுத்தாளப்பட்டுள்ளன. கேமரா அசைவதில்லை, கோணம் மாறுவதில்லை, படம் மங்கல். மேடையும் இல்லை, பாடகரும் இல்லை. கலைந்த தலையுடன் ஒரு மனிதர் இருளில் நின்று, தம்மைப் பார்வையாளர் எவரும் காணவில்லை என்னும் உறுதியோடு, இசைக்குழுவிடம் கைகளால் பேசிக்கொண்டிருக்கிறார்.